குளிர்காலத்தில் வடக்கே போக எந்த நாடு? டெல்டாவிலிருந்து கிளம்பும் இருவருக்கான ஒப்பீடு

உறைபனி, இரவு வானில் பச்சையாக ஆடும் அரோரா ஒளி, நாய் பூட்டிய சறுக்குவண்டி. இதையெல்லாம் ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் என்று தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடிப் பக்கத்து நண்பர்கள் இருவர் பேச ஆரம்பித்தால், சுற்றிச் சுற்றி நான்கு இடங்களில்தான் வந்து நிற்பார்கள். பின்லாந்தின் லாப்லாந்து, நார்வேயின் டிரொம்சோ, சுவீடனின் கிருனாவும் அபிஸ்கோவும், கடைசியாக ஐஸ்லாந்து. நான்கும் ஷெங்கன் நாடுகள், ஒரே விசா போதும். யூடியூபில் நான்கும் ஒன்றுபோலவே பச்சையாக மின்னும். போய் இறங்கினால்தான் வேறுபாடு உறைக்கும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். முதல்முறை பனி பார்ப்பவர்கள், அங்கே கார் ஓட்டும் எண்ணம் இல்லாதவர்கள், பின்லாந்துக்குப் போகலாம். அரோராதான் குறி, மற்றதெல்லாம் கிடைத்தால் கிடைக்கட்டும் என்பவர்களுக்கு அபிஸ்கோ. கடலும் மலையும் சேர்ந்த காட்சிக்குக் கூடுதலாகச் செலவு செய்யத் தயார் என்றால் டிரொம்சோ. ஐஸ்லாந்தைக் குளிர்காலத்தில் தேர்ந்தெடுப்பதாக இருந்தால் பேருந்துச் சுற்றுலாவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். சொந்தமாகக் கார் எடுத்துச் சுற்றும் ஆசை இருந்தால் அந்த நாட்டைச் செப்டம்பருக்குத் தள்ளிவைப்பது நல்லது.

மாதம் முதலில், நாடு அப்புறம்

பெரும்பாலானவர்கள் நாட்டை முடிவு செய்துவிட்டு மாதத்தைத் தேடுகிறார்கள். டெல்டாவில் நிலம் வைத்திருப்பவருக்கு அது சரிவராது. நவம்பர், டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை. வயலில் நின்ற தண்ணீரை வடிய வைக்க ஆள் வேண்டும், புயல் எச்சரிக்கை எப்போது வரும் என்று தெரியாது. ஜனவரியில் பொங்கலும் சம்பா அறுவடையும். தாளடி பிப்ரவரி வரை இழுக்கும். அறுத்த நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் எடை போட்டு, பணம் வங்கிக்கு வந்து சேர்ந்தால்தான் மனம் நிற்கும். ஆக, கை ஓய்வது பிப்ரவரி கடைசியிலும் மார்ச்சிலும்தான்.

வடக்கின் நாட்காட்டியும் இதற்கு ஒத்துவருகிறது. டிசம்பர் 21 வாக்கில் லாப்லாந்தின் ரொவானியெமியில் சூரியன் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் தெரியும். டிரொம்சோவில் நவம்பர் 27 முதல் ஜனவரி 15 வரை சூரியன் அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை. ஐஸ்லாந்தின் தலைநகர் ரேக்யவிக்கில் ஏறத்தாழ நான்கு மணி நேர வெளிச்சம் கிடைக்கும். மார்ச் நடுவில் நான்கு இடங்களிலும் பகல் பன்னிரண்டு மணி நேரத்தை நெருங்கிவிடும். பகல் முழுக்கப் பனியில் சுற்றலாம், இரவு முழுக்க அரோராவுக்குக் காத்திருக்கலாம். லாப்லாந்தில் பனி மிக ஆழமாகக் கிடப்பதும் மார்ச்சில்தான். பகலும் இரவும் சமமாகும் நாட்களையொட்டி, அதாவது மார்ச்சிலும் செப்டம்பரிலும், பூமியின் காந்தப்புலம் சூரியக் காற்றோடு எளிதாகப் பிணைவதால் அரோரா நடமாட்டமும் கூடுதலாக இருக்கும். ஏப்ரல் நடுவுக்குப் பிறகு இரவே வெளுத்துவிடும், போய்ப் பயனில்லை.

மார்ச்சிலும் எந்த வாரம் என்பது முக்கியம். பின்லாந்துப் பள்ளிகளுக்கு ஆண்டின் 8, 9, 10ஆம் வாரங்களில் பகுதி பகுதியாகக் குளிர்கால விடுமுறை. சுவீடனிலும் நார்வேயிலும் ஏறத்தாழ அதே நேரம்தான். அந்த நாட்டுக் குடும்பங்களே பனிச்சறுக்கு ஊர்களை நிரப்பிவிடுவார்கள், அறை வாடகை ஏறிவிடும். மார்ச் 8 அல்லது 10ஆம் தேதிக்குப் பிறகு போய் இறங்கினால் அந்தக் கூட்டம் கலைந்திருக்கும். அந்த நாட்களில் அமாவாசை எப்போது என்று தினசரி காலண்டரைப் புரட்டிப் பார்த்துவிடுங்கள். பலமான அரோராவை நிலா மறைத்துவிடாது. ஆனால் மங்கலானது நிலா இல்லாத வானில்தான் கண்ணுக்குத் தெரியும்.

இருவரில் ஒருவர் ஆசிரியராகவோ, பொதுத்தேர்வு எழுதும் பிள்ளையின் பெற்றோராகவோ இருந்தால் மார்ச் கணக்கு அடிபடும். அரையாண்டு விடுமுறை என்று டிசம்பர் கடைசி வாரத்தைப் பிடித்தால், கிறிஸ்துமஸ் தாத்தாவைப் பார்க்க வரும் உலகத்தோடு ரொவானியெமியில் வரிசையில் நிற்க வேண்டும். ஆண்டிலேயே அதிக வாடகை அப்போதுதான். அப்படிப்பட்டவர்களுக்குக் காலாண்டு விடுமுறையில் ஐஸ்லாந்து பொருந்தும். வெண்பனி கிடைக்காது, ஆனால் இருண்ட இரவும் அரோராவும் உண்டு, சாலையும் திறந்திருக்கும்.

கடலோரக் குளிரும் உள்நாட்டுக் குளிரும்

தெர்மாமீட்டர் எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுப்பதுதான் இந்த ஒப்பீட்டில் எல்லோரும் செய்யும் தவறு. ரேக்யவிக்கின் ஜனவரி சராசரி பூஜ்ஜியத்தை ஒட்டி இருக்கும். டிரொம்சோ 69 டிகிரி வடக்கில் இருந்தும், அட்லாண்டிக்கின் வெந்நீரோட்டம் கரையை உரசிப் போவதால் அங்கே மைனஸ் 4 வாக்கில்தான். ரொவானியெமியில் மைனஸ் 11 அல்லது 12. சில நாட்கள் மைனஸ் 30க்கும் இறங்கும். பின்லாந்தின் மிகக் குறைந்த வெப்பநிலையான மைனஸ் 51.5 டிகிரி, 1999 ஜனவரி 28 அன்று கித்திலாப் பகுதியில் பதிவானது. மார்கழியில் 20 டிகிரிக்கே மப்ளர் சுற்றும் ஊர்க்காரர் இந்த எண்களைப் பார்த்தால் ஐஸ்லாந்துக்குத்தான் சீட்டெழுதுவார்.

உடம்புக்குத் தெரிவது காற்றும் ஈரமும் சேர்ந்த குளிர். மைனஸ் 3 டிகிரியில் மணிக்கு 50 கிலோமீட்டர் காற்று அடித்தால் வெற்றுத் தோலுக்கு அது மைனஸ் 12 போலத் தைக்கும். மைனஸ் 10 டிகிரியில் காற்று மணிக்கு 5 கிலோமீட்டர் என்று அசையாமல் நின்றால் மைனஸ் 13. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் கடலோரத்தில் மழையும் பனியும் கலந்து அடிக்கும். கையுறை நனையும், நனைந்தது அன்று காயாது. உள்நாட்டுப் பனி பொடியாக உதிரும், தட்டினால் போய்விடும். நனையாமல் இருந்தால் மைனஸ் 15 டிகிரியில் இரண்டு மணி நேரம் நடமாட, சரியான உடையோடு, டெல்டாக்காரராலும் முடியும். ஐஸ்லாந்தின் பூஜ்ஜிய டிகிரி மழைக்காற்று அரை மணியில் ஆளை உள்ளே விரட்டிவிடும்.

அரோராவுக்கும் இதே கணக்கு. ஒளி தோன்றுவது 100 கிலோமீட்டருக்கும் மேலே, மேகம் நிற்பது அதற்கு வெகு கீழே. வடதுருவ வட்டத்தை ஒட்டிய இந்த ஊர்களில் சூரியன் சற்றே அமைதியாக இருக்கும் இரவிலும் ஏதாவது ஒரு பச்சைக் கீற்று இருக்கும். அதைப் பார்க்க விடாமல் செய்வது பெரும்பாலும் மேகம்தான். அரோராவின் பலத்தைக் கணிக்கும் கேபி எண்ணைச் செயலியில் பார்த்துப் பார்த்துத் தவிப்பவர்கள் மேக வரைபடத்தைப் பார்ப்பதில்லை. கேபி 2 என்றாலும் வானம் தெளிவாக இருந்தால் வெளியே போய் நிற்க வேண்டும். கேபி 6 என்று வந்து வானம் மூடியிருந்தால் போர்த்திக்கொண்டு தூங்கலாம்.

எந்த ஊரில் எத்தனை தெளிந்த இரவு கிடைக்கும் என்ற கேள்வியில் அபிஸ்கோவுக்கு நிகரில்லை. அட்லாண்டிக்கிலிருந்து வரும் ஈரக்காற்று நார்வே எல்லை மலைகளில் ஏறும்போதே மழையாகவும் பனியாகவும் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. மலைக்குக் கிழக்கே, 70 கிலோமீட்டர் நீளமுள்ள தோர்னெத்ரெஸ்க் ஏரிக்கரையில் இருக்கும் அபிஸ்கோவுக்கு மிச்சம் கிடைப்பது ஆண்டுக்கு ஏறத்தாழ 300 மில்லிமீட்டர்தான். சுவீடனிலேயே மிக வறண்ட இடங்களில் ஒன்று. சுற்றிலும் மேகம் மூடியிருக்கையில் ஏரிக்கு மேலே மட்டும் வானம் திறந்திருப்பது அங்கே வழக்கம். எங்கே போனாலும் ஒரே ஊரில் குறைந்தது மூன்று இரவாவது தங்க வேண்டும், நான்கு இருந்தால் நல்லது. ஒரு இரவுக்கு ஒரு ஊர் என்று தாவும் திட்டத்தில் அரோரா தப்பிப்போக வாய்ப்பு அதிகம்.

நான்கு ஊர்களும் தரையில்

ரொவானியெமியின் பலம் வசதி. ஹெல்சிங்கியிலிருந்து இரவு ரயிலில் ஏறினால் ஏறத்தாழ 12 மணி நேரத்தில் கொண்டு போய் விடும். இருவர் படுக்கும் தனி அறை உண்டு, ஒரு இரவு ஹோட்டல் செலவும் மிச்சம். ஊரிலிருந்து 8 கிலோமீட்டரில், வடதுருவ வட்டத்தின் மேலேயே, சாந்தா கிளாஸ் கிராமம். 8ஆம் எண் நகரப் பேருந்தே அங்கு போகும். டாக்ஸி தேவையில்லை. குறை என்னவென்றால் ஊர் வெளிச்சமும் கூட்டமும். எனவே ரொவானியெமியில் இரண்டு இரவு போதும். மிச்ச இரவுகளை வடக்கே சாரிசெல்காவிலோ இனாரியிலோ வைக்கலாம். இனாரிக்குப் பேருந்தில் ஐந்து மணி நேரம் பிடிக்கும். அங்கே லாப்லாந்தின் பழங்குடிகளான சாமி மக்களின் சீடா அருங்காட்சியகம் இருக்கிறது. கலைமான் மேய்த்தவர்களின் வாழ்க்கையை ஒழுங்காகச் சொல்லும் இடம் அது. தாத்தா கிராமத்தில் போட்டோவுக்குக் கொடுக்கும் பணத்தை இங்கே செலவழிக்கலாம் என்பது எங்கள் கட்சி.

சானா என்ற ஆவிக்குளியல் அறையைப் பற்றி ஒரு வார்த்தை. வாடகைக் குடில்கள் பலவற்றில் உள்ளேயே சானா இருக்கும். 80, 90 டிகிரி வரை சூடு ஏறும். சூடான கல்லில் தண்ணீர் ஊற்றியதும் ஆவி முகத்தில் அறையும். மேல்படி அதிகச் சூடு, கீழ்ப்படியில் உட்கார்ந்து தொடங்குங்கள். இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர் பத்து நிமிடத்துக்கு மேல் இருக்க வேண்டாம், வெளியே ஓடிப்போய்ப் பனியில் புரளும் வீரமும் வேண்டாம்.

கிருனா இரும்புச் சுரங்கத்தின் ஊர். சுரங்கம் தோண்டத் தோண்டத் தரை உள்வாங்குவதால் ஊரையே கிழக்கே நகர்த்திக்கொண்டிருக்கிறார்கள். 1912இல் கட்டிய மரத் தேவாலயத்தை 2025 ஆகஸ்டில் அப்படியே சக்கரத்தில் ஏற்றி ஐந்து கிலோமீட்டர் நகர்த்தி வைத்தார்கள். அருகே யூக்கஸ்யார்வியில், தோர்னே ஆற்றின் பனிக்கட்டியை அறுத்துக் கட்டும் ஐஸ் ஹோட்டல். அறைக்குள் மைனஸ் 5 முதல் மைனஸ் 8 வரை இருக்கும். தங்குவது வாடகை கனம், பகலில் சீட்டு வாங்கிப் பார்த்துவிட்டு வந்தாலே போதும். அபிஸ்கோ அங்கிருந்து ரயிலில் சற்றுத் தொலைவுதான். சிற்றூர், ஒரு மளிகைக் கடை, தங்குமிடங்கள் கொஞ்சம். அதனால் ஆறு மாதம் முன்னாலேயே அறை பிடிக்க வேண்டும். விடுதி வகை அறைகளில் சமையலறை உண்டு. படுக்கை விரிப்பும் துண்டும் தனிக் கட்டணம், போகும்போது அறையைக் கூட்டித் துடைத்துவிட்டுப் போக வேண்டும்.

இந்த வழியில் கெடக்கூடியது ரயில். கிருனாவிலிருந்து நார்வேயின் நார்விக் வரையுள்ள ஒற்றைத் தடத்தில்தான் தாது ஏற்றிய நீண்ட சரக்கு ரயில்களும் ஓடுகின்றன. 2023 டிசம்பரில் ஒன்று தடம் புரண்டு இரண்டு மாதம் பாதை அடைபட்டது. திறந்த சில நாளில், 2024 பிப்ரவரியில், மறுபடியும் ஒன்று புரண்டது. அப்படி நேர்ந்தால் பேருந்து விடுவார்கள், நேரம் கூடும். ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தைய நாளே ஸ்டாக்ஹோமில் இருக்கும்படி திட்டமிடுங்கள்.

டிரொம்சோவின் மலைச்சரிவும் கடலும் அந்த நீல வெளிச்சத்தில் நிகரற்றவை. 421 மீட்டர் உயரத்துக்குக் கேபிள் கார் போகிறது, காற்று பலமானால் நிறுத்திவிடுவார்கள். அரோராவுக்கு இங்கே வேன் சுற்றுலாதான் வழி. கடலோரம் மூடியிருந்தால் ஓட்டுநர் ஸ்கிபோட்ன் பள்ளத்தாக்கு வழியாக பின்லாந்து எல்லை வரை வானத்தைத் தேடி ஓட்டுவார். ஏழு, எட்டு மணி நேரம் ஆகும். பாஸ்போர்ட்டைக் கையோடு வைத்திருங்கள், எல்லை தாண்டக்கூடும். எல்லை தாண்ட மாட்டோம், 50 கிலோமீட்டருக்குள்தான் போவோம் என்று சொல்லும் மலிவான பெரிய பேருந்தைத் தவிருங்கள். மேகம் அவர்களோடேயே வரும். திமிங்கலம் பார்க்கும் ஆசை இருந்தால் இன்னொரு கணக்கு. மத்தி போன்ற ஹெர்ரிங் மீனைத் துரத்தி அவை ஷெர்வோய் பக்கம் வருவது நவம்பர் முதல் ஜனவரி வரைதான். மார்ச்சில் போனால் கிடைக்காது.

நேரம் இருந்தால் அபிஸ்கோவையும் டிரொம்சோவையும் இணைக்கலாம். அபிஸ்கோவிலிருந்து நார்விக்குக்கு ரயில் ஒன்றரை மணி நேரம், அங்கிருந்து டிரொம்சோவுக்குப் பேருந்து நான்கு மணி நேரம். நாங்கள் பரிந்துரைக்கும் சேர்க்கை இதுதான்.

ஐஸ்லாந்தில் கார்

இங்கே கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. நம்மூரில் இடப்பக்கம் ஓட்டிப் பழகியவர், இடம் மாறிய ஸ்டியரிங்கோடு, இருட்டில், கருப்பு ஐஸ் மேல், குறுக்கே அடிக்கும் காற்றில் ஓட்ட வேண்டும். கருப்பு ஐஸ் என்பது தார் மேல் கண்ணாடி போலப் படிந்த மெல்லிய உறைநீர். நனைந்த சாலை போலத்தான் தெரியும், பிரேக்கை அழுத்தியதும் வண்டி வழுக்கும். ஆணி பதித்த டயர் போட்ட கார் கேட்டு வாங்கினாலும் காற்றை அது தடுக்காது. காற்றுக்கு முதுகு காட்டி நிறுத்திக் கதவைத் திறந்தால் கீல் வளைந்து கதவு கழன்றுவிடும். வாடகைக் காப்பீடு பொதுவாக இந்தச் சேதத்தை ஏற்பதில்லை. உள்நாட்டு மலைச்சாலைகள் குளிர்காலத்தில் மூடியிருக்கும், கூகுள் வரைபடம் அதைச் சில சமயம் சொல்லாது.

பேருந்தில் போனால் இந்தக் கவலை இல்லை. திங்வெல்லிர் தேசியப் பூங்கா, கெய்சிர் வெந்நீர் ஊற்று, குல்ஃபோஸ் அருவி மூன்றையும் ஒரே நாளில் காட்டிவிடுவார்கள். வீக் என்ற ஊர் வரையுள்ள தெற்குக் கரை இன்னொரு நாள். ரெய்னிஸ்ஃப்யாரா கருமணல் கரையில் அலைக்கு முதுகைக் காட்டி செல்ஃபி எடுக்கக் கூடாது. எதிர்பாராத ஒரு பேரலை பல மீட்டர் கூடுதலாக ஏறிவந்து ஆளை இழுத்துக்கொள்ளும், உயிர்கள் போயிருக்கின்றன. நாகப்பட்டினம், தரங்கம்பாடிக் கடற்கரையில் வளர்ந்தவர்கள் கடல் தெரியும் என்ற தைரியத்தில் இங்கே இறங்க வேண்டாம். பனிக்குகைக்கு வழிகாட்டியோடு, குளிர் மாதங்களில் மட்டும். 2024 ஆகஸ்டில் பிரெயிடமெர்குர் பனியாற்றில் ஐஸ் சரிந்து ஒருவர் இறந்தார். ரேக்யனெஸ் முனையில் 2023 டிசம்பரிலிருந்து எரிமலை திரும்பத் திரும்ப வெடித்ததால் அங்குள்ள ப்ளூ லகூன் வெந்நீர்க் குளம் பலமுறை மூடித் திறந்தது. முன்பதிவு செய்யும்போது பணம் திரும்பக் கிடைக்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இருவராகப் போவதன் கணக்கு

வடக்கில் எல்லாமே இரண்டு இரண்டாகத்தான் விலை வைக்கிறார்கள். அறை, நாய் வண்டி, ஸ்னோமொபைல் என்ற பனி மோட்டார் வண்டி எல்லாம் இருவருக்கு ஒன்று. நாய் வண்டியில் ஒருவர் பின்னால் நின்று பிரேக்கை மிதித்து ஓட்டுவார், ஒருவர் உட்கார்ந்து வருவார், பாதியில் மாற்றிக்கொள்ளலாம். உட்கார்ந்திருப்பவருக்குத்தான் குளிர் அதிகம். ஸ்னோமொபைல் ஓட்டக் கார் ஓட்டுநர் உரிமம் வேண்டும். இருசக்கர உரிமம் மட்டும் உள்ளவர் பின்னால் உட்காரலாம். விபத்தில் வண்டி சேதமானால் ஒரு பெரிய தொகை வரை உங்கள் பொறுப்பு. பத்து, பதினைந்து யூரோ கூடுதலாகக் கொடுத்து அந்தப் பொறுப்பைக் குறைக்கும் வசதி இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். குடித்துவிட்டு ஏற அனுமதி இல்லை. வாங்கிப் போவதாக இருந்தால் கடுமையான மது, நான்கு நாடுகளிலும், பெரும்பாலும் அரசுக் கடையில்தான். டாஸ்மாக் பழகிய நமக்கு ஏற்பாடு புதிதல்ல, விலை மட்டும் புதிது.

"மாப்ள, ஒரே ரூமா போட்டுடுவோம்" என்று சேர்வது சரிதான். ஆனால் ஒருவர் நள்ளிரவு இரண்டு மணிக்கு வானம் பார்க்க எழுப்புவார், மற்றவர் தூங்க வேண்டும் என்பார். அங்கேதான் உரசல் தொடங்கும். தினம் ஒருவர் காவல் என்று முறை வைத்துக்கொள்ளலாம். சுவீடனிலும் பின்லாந்திலும் பல விடுதிகளில் அரோரா தோன்றினால் அறைக்குத் தகவல் சொல்லும் ஏற்பாடு உண்டு, முன்மேசையில் கேளுங்கள்.

உடை, உடம்பு, நடை

தோலை ஒட்டி மெரினோ கம்பளி அல்லது பாலியஸ்டர் தெர்மல், நடுவில் ஃப்ளீஸ் அல்லது இறகு ஜாக்கெட், மேலே காற்றும் நீரும் புகாத மேலங்கி. மூன்று அடுக்கு இதுதான். திருப்பூர் தெர்மல் மலிவு. ஆனால் லேபிளைப் பாருங்கள், பருத்தி அதிகம் இருந்தால் வேண்டாம். பருத்தி வியர்வையைப் பிடித்து வைத்துக்கொள்ளும், நின்றதும் ஈரம் உடம்பிலேயே குளிரும். காலணி ஒரு அளவு பெரிதாக, ஒரே ஒரு கனமான கம்பளி சாக்ஸோடு. இரண்டு சாக்ஸைத் திணித்தால் இரத்த ஓட்டம் தடைபட்டு விரல் மரத்துப்போகும். கைக்கு மெல்லிய உறையும் அதன்மேல் விரல் பிரியாத தடித்த உறையும். நாய் வண்டி, ஸ்னோமொபைல் நடத்துபவர்கள் முழு உடல் குளிர் உடையும் பூட்ஸும் அவர்களே தருவார்கள். ஆகவே ஊரிலேயே முப்பதாயிரத்துக்குக் கோட்டு வாங்க வேண்டாம். காலணியிலும் உள்ளடுக்கிலும் அந்தப் பணத்தைப் போடுங்கள்.

விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொள்வதுதான் உறைபனிக் காயத்தைவிட அதிகம் நடக்கிறது, அதிலும் டிரொம்சோவிலும் ரேக்யவிக்கிலும் மழை பெய்து உறையும் நாட்களில். காலணியில் மாட்டும் ஆணிப்பட்டை அந்த ஊர்க் கடைகளில் கிடைக்கும், இறங்கியதும் வாங்குங்கள். மழைக்குப் பிறகு களிமண் வரப்பில் நடப்பதுபோல நடக்க வேண்டும். சின்னச் சின்ன அடி, பாதம் முழுதாகப் பதியட்டும், உடல் எடை முன்காலில். கையைப் பாக்கெட்டில் விடாதீர்கள்.

தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும், பாட்டிலில் கல்லாகிவிடும். உதட்டுக்கும் கன்னத்துக்கும் வாசலின் போதும். இன்சுலின் போடுபவர் அதை உள்சட்டைப் பையில் உடம்புச் சூட்டில் வைக்க வேண்டும். ஒருமுறை உறைந்த இன்சுலின் பயன்படாது. விரல் நுனியோ மூக்கோ வெளுத்து உணர்வற்றுப் போனால் தேய்க்கக் கூடாது. அக்குளில் வைத்து மெல்லச் சூடேற்றுங்கள். இருவராகப் போவதன் நல்ல பயன் இது, ஒருவர் முகத்தை மற்றவர் அடிக்கடி பார்த்துச் சொல்லலாம்.

செல்போன் பேட்டரி குளிரில் திடீரென்று செத்துவிடும், உள்பையில் வையுங்கள். அரோரா எடுக்க முக்காலி அவசியம். ஐஎஸ்ஓ 1600 முதல் 3200, ஐந்து முதல் பத்து நொடி, ஃபோகஸ் முடிவிலியில். அறைக்குள் திரும்பும் முன் கேமராவை ஜிப் பையில் போட்டு மூடிவிடுங்கள். இல்லாவிட்டால் சூடான காற்றின் ஈரம் லென்ஸுக்குள் வியர்க்கும்.

சாப்பாடு

சைவக்காரருக்கு நார்வேயும் ஐஸ்லாந்தும் பர்சைப் பதம் பார்க்கும். பின்லாந்தில் வார நாட்களில் பகல் 11 முதல் 2 மணி வரை உணவகங்களில் மதிய பஃபே இருக்கும். சூப், சாலட், ரொட்டி, காபி எல்லாம் சேர்த்து ஒருவருக்கு ஏறத்தாழ 12 முதல் 15 யூரோ. மாலையில் அதே கடையில் இருமடங்கு. கரேலியப் பணியாரம் என்று சொல்லத்தக்க ரை என்ற தானிய மாவு அப்பத்துக்குள்ளே பால்சோறு வைத்திருப்பார்கள், நம் நாக்குக்கு ஒத்துவரும். சமையலறை உள்ள அறை எடுத்தால் பொடி, ஊறுகாய், ரெடிமிக்ஸ் எல்லாம் கைகொடுக்கும். நெய், பால்கோவா, திரட்டுப்பால் கொண்டுபோகக் கூடாது. ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து பயணி கொண்டுவரும் பால், இறைச்சிப் பொருளுக்குத் தடை. பச்சைக் கறிவேப்பிலையும் கும்பகோணம் வெற்றிலையும் தாவர நலச் சான்று இல்லாமல் போகாது. டிகிரி காபிக்குப் பொடியும் பில்டரும் போகும், பால் அங்கே நன்றாகவே கிடைக்கும்.

விசாவும் டிக்கெட்டும்

கட்டணம் பெரியவருக்கு 90 யூரோ, விசா மையத்தின் சேவைக் கட்டணம் தனி. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், பதினைந்து நாளுக்குள் வந்தால் ஏற்க மாட்டார்கள். வழக்கமாக 15 நாளில் முடிவு, சில வேளை 45 நாள் வரை நீளும். மார்ச் பயணத்துக்கு நவம்பரிலேயே சென்னையில் கைரேகை கொடுத்துவிடுவது நல்லது. கிறிஸ்துமஸை ஒட்டித் தூதரகங்கள் மந்தமாகிவிடும். எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் கேட்க வேண்டும். சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாடு. அபிஸ்கோவில் நான்கு இரவும் டிரொம்சோவில் மூன்றும் என்றால் சுவீடன்.

விவசாய வருமானக்காரருக்கு வரும் சிக்கல் காகிதம். வருமானவரிக் கணக்கு இல்லாவிட்டால் சிட்டா, அடங்கல், அவற்றின் ஆங்கில மொழிபெயர்ப்பு, கொள்முதல் பணம் வரவு வைத்த வங்கிக் கணக்கு எல்லாம் சேர்த்துக் காட்ட வேண்டும். விண்ணப்பத்துக்கு முந்தைய வாரம் கைமாற்றாக வாங்கிப் போட்ட நான்கு லட்சம் உதவாது, சந்தேகத்தைத்தான் கிளப்பும். திரும்பி வருவீர்கள் என்பதற்கு நிலமும் குடும்பமும் நல்ல சான்று, அதை ஒரு பக்கக் கடிதத்தில் தெளிவாக எழுதுங்கள். இருவரும் தனித்தனி விண்ணப்பம், ஆனால் ஒரே பயணத்திட்டம், ஒரே முன்பதிவு எண். ஒருவருக்குக் கிடைத்து மற்றவருக்கு மறுக்கப்படலாம். அதனால் ரத்து செய்தால் பணம் திரும்பும் அறைகளையே பிடியுங்கள்.

திருச்சியிலிருந்து ஐரோப்பாவுக்கு நேரடி விமானம் இல்லை. உழவன் எக்ஸ்பிரஸிலோ மன்னை எக்ஸ்பிரஸிலோ ஏறிச் சென்னை போய், அங்கிருந்து வளைகுடா வழியாகவோ பிராங்பர்ட் வழியாகவோ பறப்பது பலருக்கும் தோது. ரயில் தாமதத்துக்கு ஒரு பகல் இடைவெளி வையுங்கள். திருச்சியிலிருந்து துபாய்க்கு ஒரு டிக்கெட், அங்கிருந்து வேறு டிக்கெட் என்று மலிவாகப் பிரித்து எடுத்தால் முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது போச்சு, பெட்டியையும் மறுபடி ஒப்படைக்க வேண்டும். லண்டன் வழி என்றால் பிரிட்டனின் இடைவழி விசா விதியைத் தனியே பார்க்க வேண்டும். ஷெங்கன் விசா அங்கே செல்லும் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

ஒரு யூரோ ஏறத்தாழ 100 ரூபாய் என்று வைத்து, எட்டு இரவுக்கு, அறையைப் பகிர்ந்தால், பின்லாந்துக்கோ சுவீடனுக்கோ தலைக்கு இரண்டரை முதல் மூன்று லட்சத்துக்குள் திட்டமிடலாம். விமானம், விசா, உடை, இரண்டு மூன்று சுற்றுலா எல்லாம் சேர்த்து. டிரொம்சோவும் ஐஸ்லாந்தும் அதற்கு மேல் ஐம்பதாயிரமாவது இழுக்கும்.

டிக்கெட் போடும் முன் பாஸ்போர்ட்டின் பெயர்ப் பகுதியை இருவரும் எடுத்துப் பாருங்கள். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருக்கும். விமான நிறுவனத்தின் இணையப் படிவம் அந்தக் கட்டத்தைக் காலியாக விடாது. ஒவ்வொரு நிறுவனமும் ஒரு விதி வைத்திருக்கிறது, சிலர் அதே பெயரை இருமுறை எழுதச் சொல்வார்கள். அவர்களிடமே கேட்டு அதன்படி போடுங்கள். விசா விண்ணப்பம், காப்பீடு, ஹோட்டல் மூன்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துகளே, அதே வரிசையில் இருக்க வேண்டும். பாஸ்போர்ட் கடந்த பத்து ஆண்டுக்குள் எடுத்ததாக, திரும்பும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாகும்படி, இரண்டு வெற்றுப் பக்கங்களோடு இருக்கிறதா என்று அப்போதே சரிபார்த்துவிடலாம்.